பனிக்கரடியை விடுங்க, ஜரிதையைச் சொல்லுங்க

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக் கூட்டம். திரையில் முதல் படமே பனிக்கரடி. வெளியே வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மின்விசிறி ஓடவில்லை. பிள்ளைகள் கரடியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

ஊர் ஊராக மகாபாரதப் பிரசங்கம் வைக்கிற சீமையில் உட்கார்ந்துகொண்டு கதைக்கு வடதுருவம் வரை போக வேண்டுமா?

சில வருஷத்துக்கு முன்னால் அணைக்கட்டுப் பக்கம் சொந்தக்காரர் ஊரில் அக்னி வசந்த விழா, திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கதை சொல்லி எடுக்கிற திருவிழா. அன்றைய பகல் பிரசங்கம் காண்டவ வன தகனம். அக்கினிக்குப் பசி, கிருஷ்ணனும் அர்ச்சுனனும் காட்டைச் சுற்றி நின்று ஒன்றையும் தப்பவிடாமல் எரிக்கிறார்கள். அதையெல்லாம் விறுவிறுவென்று தாண்டிய பிரசங்கியார், ஜரிதை என்ற தாய்ப்பறவையிடம் வந்ததும் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். இறக்கை முளைக்காத நாலு குஞ்சு. அப்பன் வேறொருத்தியோடு இருக்கிறான், அது தனிக்கதை. "எலி வளைக்குள்ள போயிடுங்க கண்ணுங்களா, அம்மா மண்ணு போட்டு மூடிடறேன்." "உள்ள எலி தின்னுடும்மா, அதுக்கு நெருப்பே மேலு. நீ பறந்து போயிடு."

கொட்டகையில் பேச்சு மூச்சில்லை. பக்கத்திலிருந்த ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. குஞ்சுகளை அக்கினி விட்டுவிடுகிறான் என்று முடித்த பிரசங்கியார், கொட்டகைக்கு வெளியே தெரிந்த மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம மலையிலயும் வருஷா வருஷம் தீ வெக்கிறாங்க. கவுதாரி தரையிலதான் முட்டை வெக்குது."

அவ்வளவுதான். அடுத்த அடிக்குப் போய்விட்டார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, எரித்தது நம்ம சாமிதான் என்பதை மறைக்காதது. அந்தக் காட்டிலிருந்து உயிர் தப்பிய மயன் கட்டித் தந்த மண்டபத்தில்தான் துரியோதனன் தடுமாறி விழுகிறான். அந்த அவமானம் சூதாட்டத்துக்கு இழுத்துப்போகிறது. விழாவின் கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்துகிறோமே ஒரு துரியோதனன், அவன்வரை அந்தச் சாம்பல் வருகிறது. நமது விழிப்புணர்வுக் கதைகளிலோ கேட்கிறவன் எப்போதும் நல்லவன், கெட்டவன் வேறு எங்கோ இருக்கிறான்.

பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்ன, இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு. நம்ம வேலூர் பேரிலேயே இருக்கிற வழக்கு. டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. பாஞ்சாலி எதற்காகக் கூந்தலை முடியாமல் இருந்தாள் என்று கேளுங்கள், கடைப்பையன் சொல்லுவான்.

எல்லாவற்றுக்கும் கதை மருந்தாகாது, அதுவும் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கும் யானை வயலை மிதித்த மறுநாள் காலையில் போய் "யானை பிள்ளையாரப்பா" என்று ஆரம்பித்தால் அடிதான் விழும். அங்கே முதலில் இழப்பீடு போகட்டும்.

பிரசங்கம் நடந்த அந்த அணைக்கட்டுப் பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிற மாமா ஒருவர். "கொளுத்தி வுட்டா நாலு மழைக்குப் புல்லு தளதளன்னு வரும்" என்கிற கட்சி. பிரசங்கத்தன்று முன்வரிசையில் இருந்தார். மறுவருஷமும் மலை எரிந்தது, யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்:

"அந்தாளு அந்தக் குருவி கதைய சொல்லாமலே இருந்திருக்கலாம்பா. பீடி பத்த வெச்சாக்கூட அதான் ஞாபகத்துக்கு வர்து."