ஒருவர் வரட்டும், ஊரில் தங்கட்டும்

கடந்த வைகாசியில் எங்கள் ஊரில் வற்றிய குளத்துக்குள் நடந்த கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. சுழற்கோப்பை வந்தது. மேளம் அடித்தார்கள், களத்திலேயே அணியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் ஏன் பகிரவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கான பதில் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் நிற்கும் பதினொரு பேரில் எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர். மீதி ஏழு பேரும் அன்று காலை வேனில் வந்து இறங்கியவர்கள். எங்கள் ஊர்ப் பெயர் அச்சிட்ட பனியனை வேனுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார்கள். ஸ்கோர் எழுத உட்கார்ந்த பள்ளிக்கூடத்துப் பையன் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டான். இருட்டுவதற்குள் பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அவர்களுக்கு வேறு ஊரில் ஆட்டம், வேறு பனியன்.

அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்களிலும் எங்களுக்கு முதல் ஓவர் போட்டவன் என் அக்காள் மகன். பத்தொன்பது வயது. இறுதி ஆட்டத்தன்று அவன் கையில் பந்து இல்லை, தண்ணீர்க் குடம் இருந்தது. இரவு சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமா, அரையிறுதியில் நான் நன்றாகத்தானே போட்டேன்?" என்று கேட்டான். நான்கு ஓவரில் பதினெட்டு ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தவன் அவன். எனக்குப் பதில் வரவில்லை. அக்காள் மோர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு, வெளியூர் ஆட்டக்காரரே வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என நினைக்காதீர்கள். வெளியூர்க்காரர் வரட்டும் என்பதுதான் என் கட்சி. எப்படி வர வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் கமிட்டியோடு எனக்குச் சண்டை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆற்றுப் பாசன ஊர்களில் கிரிக்கெட்டுக்கென்று ஒரு பருவம் உண்டு. பிசான நெல் அறுப்பு முடிந்து குளம் வற்றினால் ஆட்டம் தொடங்கும். பாபநாசம் அணை திறந்து, கார் சாகுபடிக்குத் தண்ணீர் வந்து குளத்தில் ஏறினால் ஆட்டம் முடியும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதம். குளத்து மண்ணில் விழுந்த வெடிப்புகளை அடைத்து, நடுவில் தண்ணீர் தெளித்து, இடித்து, உருட்டி ஒரு பிட்ச் உண்டாக்குகிறோம். அந்த வேலையைச் செய்வது யார்? உள்ளூர்ப் பையன்கள்தான். இருபது நாள் மண் இடித்தவனை இருபத்தோராம் நாள் கரையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இங்கிலாந்தில் லங்காஷயர் லீக் என்று ஒன்று இருக்கிறது. 1892இல் தொடங்கியது. நெல்சன், பர்ன்லி, அக்ரிங்டன், ஹாஸ்லிங்டன், ரிஷ்டன் என்று எல்லாம் அடுத்தடுத்த ஆலை ஊர்கள். நம் பக்கத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் இருப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாலையில் நெய்தவர்களும் கடையில் நின்றவர்களும் வார இறுதியில் ஆடிய ஆட்டம். ஆனால் ஒவ்வொரு கிளப்பும் சம்பளம் கொடுத்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும். ஒரே ஒருவர். மீதி பத்துப் பேரும் ஊர்க்காரர்கள். அந்த ஒருவரும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பருவம் முழுவதற்கும் ஒப்பந்தமானவர். ஆடுவதோடு ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய வேலையாக இருந்தது.

அந்த ஒரு இடத்தில் யார் யார் வந்து ஆடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் ரிஷ்டனுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி ஹாஸ்லிங்டனுக்கு. ஷேன் வார்ன், பெயர் தெரியாத பையனாக இருந்த 1991இல் அக்ரிங்டனுக்கு. நம் கபில்தேவும், அவருக்கு வெகு காலம் முன்பு லாலா அமர்நாத்தும் நெல்சனுக்கு. திங்கட்கிழமை காலையில் தறிக்குத் திரும்ப வேண்டிய ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கபில்தேவோடு சேர்ந்து பந்து போட்டிருக்கிறார்.

எல்லோருக்கும் மேலாக நான் நினைப்பது லியரி கான்ஸ்டன்டைனைத்தான். டிரினிடாட்காரர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். 1929இல் நெல்சனுக்கு வந்தார். பெரும்பாலோர் கறுப்பு மனிதரைப் பார்த்திராத ஊர் அது. பிள்ளைகள் அவருடைய வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், வெறுப்பைக் கொட்டிக் கடிதங்களும் வந்தன. அவர் ஓடிவிடவில்லை. ஒன்பது பருவம் நெல்சனுக்கு ஆடினார். அதில் ஏழு முறை கோப்பை, மீதி இரண்டு முறையும் இரண்டாம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அவர் ஆடுகிறார் என்றால் எதிரணி ஊரிலும் டிக்கெட் வசூல் கூடியது. ஆட்ட ஒப்பந்தம் முடிந்த பிறகும் 1949 வரை அவர் குடும்பம் அந்த ஊரில்தான் இருந்தது. 1969இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினராகப் பட்டம் ஏற்றபோது, தன் பட்டப் பெயரில் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒன்று டிரினிடாடில் உள்ள மரவால். இன்னொன்று நெல்சன். கூலிக்கு ஆட வந்த ஊரின் பெயரைச் சாகும்வரை தன் பெயரோடு சுமந்திருக்கிறார்! இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைத் தொழிலாளி. பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய நூற்பாலை அது. நெல்சன் நெசவாளிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், ஷிப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சோடு வரும் அப்பாதான் என் கண்ணுக்குத் தெரிகிறார். பஞ்சும் ஆலைச் சங்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் இங்கேயும் இருந்தன. பருவம் முழுக்கத் தங்கும் ஒரு ஆட்டக்காரரைத்தான் நாம் யோசிக்கவில்லை.

ஒப்பந்தம் என்றால் அங்கே எவ்வளவு கனம் என்பதற்கு நம் ஆட்டக்காரர் வினூ மன்காட் கதை போதும். 1952இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனபோது, அணியில் இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டார் மன்காட். இந்திய கிரிக்கெட் வாரியம் உறுதி தரவில்லை. அவர் ஹாஸ்லிங்டன் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார். லீட்ஸ் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காமல் நான்கு விக்கெட்டை இழந்தது. அதன் பிறகு ஒரு நாட்டின் வாரியம் ஒரு சின்ன ஆலை ஊர் கிளப்பிடம் போய், எங்கள் ஆட்டக்காரரை விடுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. விட்டார்கள். லார்ட்ஸில் அவர் 72, 184 என்று அடித்து, முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்தார். இந்தியா தோற்றது, ஆனாலும் அதை மன்காட் டெஸ்ட் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

பசில் டி ஒலிவேரா கதை இன்னும் நெருக்கமானது. கேப்டவுன்காரர். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் தென்னாப்பிரிக்க அணியில் அவருக்கு இடமே கிடையாது. 1960இல் மத்திய லங்காஷயர் லீகில் ஆடிய மிடில்டன் கிளப் அவரை அழைத்தது. பயணச் செலவுக்குக் கேப்டவுனில் அவருடைய மக்கள் சேர்ந்து பணம் திரட்டி அனுப்பினார்கள். அங்கே அதுவரை அவர் ஆடியது பாய் விரித்த பிட்சில். ஈரப் புல் தரையில் பந்து எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது, முதல் சில ஆட்டங்களில் தடுமாறினார். கிளப் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, காத்திருந்தது. பருவம் முடியும்போது லீகின் சிறந்த மட்டையாளர்களில் அவர் பெயர் முன்னால் நின்றது. ஆறு வருடத்தில் இங்கிலாந்துக்கே ஆடினார். 1968இல் அவர் இருக்கும் அணியை ஏற்க முடியாது என்று தென்னாப்பிரிக்க அரசு சொன்னதால் இங்கிலாந்து அணியின் தென்னாப்பிரிக்கப் பயணமே ரத்தானது. பாய் விரித்த பிட்சில் ஆடிப் பழகிவிட்டுச் சென்னையில் புல் தரையைப் பார்த்துத் திகைத்த நம் மாவட்டத்துப் பையன்களுக்கு அந்த முதல் சில வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஒரு நாள் வாடகைக்கு வந்திருந்தால் டி ஒலிவேரா முதல் ஆட்டத்தோடு முடிந்திருப்பார்.

எங்கள் ஊரிலும் ஒரு முறை அப்படி ஒருவர் இருந்தார். 1998 கோடை. சென்னையில் ஒரு நிறுவனத்து அணிக்கு லீக் ஆடியவர், முழங்கால் அடிபட்டு, ஓய்வுக்காக எங்கள் தெருவில் பெண் எடுத்த வீட்டில் வந்து தங்கினார். இரண்டரை மாதம். முதல் வாரம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு இறங்கினார். பந்து விழ வேண்டிய இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, "தம்பி, ஸ்டம்பைப் பார்க்காதே, இதைப் பார்த்துப் போடு" என்றார். ஒரு மணி நேரத்தில் நான் ஒரு முறைகூட அடிக்கவில்லை. மறுநாள் இரண்டு முறை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஓடிவந்து போட்ட பந்து விழுந்து 'டொக்' என்று சத்தம் வந்து சிரட்டை இரண்டாகப் பிளந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து இன்னொரு சிரட்டையை எடுத்து, அரை முழம் முன்னால் தள்ளி வைத்தார். அந்த வருடம் நாங்கள் கோப்பை வாங்கவில்லை. அடுத்த மூன்று வருடமும் வாங்கினோம், அவர் இல்லாமலே. எங்களில் இரண்டு பேர் மாவட்ட லீகில் ஆடினோம். இன்றும் எங்கள் ஊர்ப் பையன்கள் சிரட்டை வைத்துத்தான் பழகுகிறார்கள். யார் கொண்டுவந்தது என்று பலருக்குத் தெரியாது.

வேனில் வந்த ஏழு பேர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களும் ஏதோ ஒரு குளத்துக்குள் மண் இடித்து வளர்ந்தவர்கள்தான். கால் முறிந்தால் யார் பார்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லாமல் வெயிலில் ஊர் ஊராக ஓடுகிறார்கள். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்குப் போனதைப் பார்த்த பிறகு, இவர்களில் யாரையும் சின்னவராக நினைக்க எனக்கு மனம் வராது. ஜெயிப்பதற்கு மட்டும் ஆள் பிடிக்கும் வழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன். முதல் பரிசாக வந்த தொகையில் பெரும்பகுதி அந்த ஏழு பேருக்கே போய்விட்டது. சிக்ஸர் அடித்தவருக்கு மைக்கில் பெயர் சொல்லிக் கொடுத்த நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் ஊரைவிட்டுப் போயின. லங்காஷயரிலும் ஐம்பது ரன் அடித்தவருக்குக் கூட்டத்தில் பெட்டி சுற்றி வரும், காசு விழும். ஆனால் அந்த ஆள் மறுநாள் அதே ஊர்க் கடையில் ரொட்டி வாங்குவார்.

வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர் வளரும் என்பதற்குக் கோவில்பட்டி ஹாக்கியே சாட்சி. லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் வருகின்றன. கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்த ஊரிலிருந்து மாரீஸ்வரன் இந்திய அணிக்குப் போனார். அங்கே வெளியூர்க்காரர்கள் வெளியூர் அணிக்காகத்தான் ஆடுகிறார்கள். உள்ளூர்ப் பையனின் இடத்தில் வந்து நிற்பதில்லை.

அடுத்த பங்குனிக்கு முன் கமிட்டி கூடும்போது நான் கேட்கப் போவது இவ்வளவுதான். ஓர் அணிக்கு வெளியூர் ஆட்டக்காரர் ஒருவர். லீக் சுற்றில் ஆடாதவர் இறுதி ஆட்டத்தில் இறங்கக் கூடாது. வருகிறவர் குறைந்தது ஆறு வாரம் ஊரில் தங்க வேண்டும், வாரத்தில் மூன்று சாயங்காலம் பையன்களோடு நிற்க வேண்டும். ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்த பணத்தை அந்த ஒருவருக்கு மரியாதையாகக் கொடுக்கலாம். எங்கள் எல்லைக்குள் வரும் மற்ற ஊர்க் கமிட்டிகளிடமும் பேசுகிறேன், இரண்டு அண்ணாச்சிமார் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் தோற்போம். தோற்கட்டும்.

தங்குவதற்கு இடம் எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டு மாடி அறை அப்பா போன பிறகு சும்மாதான் கிடக்கிறது. கட்டில் இருக்கிறது, மின்விசிறி போன வாரம் மாற்றியாயிற்று. ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அக்காள் பொறுப்பேற்றுக்கொண்டாள். வருகிறவர் வேகப்பந்து போடுகிறவராக இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள்.