தொடவில்லை

"தொட்டுப் பாத்தீங்களா அக்கா?"

தெங்கோல் தீவில் திமிங்கலச் சுறாவைப் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. படம் போட்ட நாளிலிருந்து எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். சந்தையில் மீன்காரர் கேட்டார், கோயிலில் கேட்டார்கள், பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இல்லை, தொடவில்லை. ஏன் என்று ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தெங்கோல், திரங்கானு மாநிலத்தில் டுங்கூனிலிருந்து படகில் போகிற தீவு. அன்று எங்களுக்கு இரண்டாவது டைவ். தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. கூட வந்த சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. வழிகாட்டித் தம்பி மட்டும் சந்தோஷமாக இருந்தார். கலங்கல் என்றால் மிதவை உயிர்கள் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம். திமிங்கலச் சுறாவுக்கு அதுதான் சாப்பாடு, அதோடு மீன் முட்டை, பொடி மீன். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரில் அதற்கு என்ன வேலை?

14 மீட்டர் ஆழத்தில் இருந்தோம். முதலில் புள்ளிகள்தான் தெரிந்தன. சின்ன வயதில் மார்கழி மாதம் அம்மா எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் புள்ளி வைப்பார். வரிசை முடிகிறவரை நாங்கள் யாரும் கிட்டே போகக்கூடாது. அந்த மாதிரி வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், நடுவே வெளிறிய கோடுகள், அப்படியே பச்சைக்குள்ளிருந்து நகர்ந்து வந்தன. அப்புறம்தான் தலை தெரிந்தது. தட்டையான அகலத் தலை. மற்ற சுறாக்களுக்கு வாய் அடியில் இருக்கும், இதற்கு முன்முனையிலேயே நீளத் திறந்திருக்கிறது. ஆறு மீட்டர் இருக்கும். எங்கள் பழைய லயத்து வீட்டின் முன்வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் வரும். இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே வளர்கிற மீன் இது. உலகத்தில் இதைவிடப் பெரிய மீன் கிடையாது.

மூச்சை அடக்கக்கூடாது என்பது, காற்றுக் குடுவையோடு நீந்துகிற ஸ்கூபாவில் முதல் பாடம். அதையே மறந்துபோனேன். வழிகாட்டி கையைக் காட்டி எங்களை அப்படியே நிற்க வைத்தார். யாரும் துரத்தவில்லை. அது எங்களைக் கடந்து போய், சுற்றித் திரும்பி, முன்னைவிடப் பக்கத்தில் வந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு ஒரு சின்னக் கண். அந்தக் கண் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் இருந்திருக்கும்.

அப்புறம் வேறொரு படகுக் கூட்டம் வந்தது. அதில் ஒருவர் வேகமாக நீந்திப்போய் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் படம் எடுத்தார். சுறா உடம்பை ஒரு தடவை உதறியது. வாலை ஓங்கி அடித்துக் கீழே இறங்கிவிட்டது. 1,800 மீட்டருக்கும் கீழே போகக்கூடிய உயிர் அது, நாம் எங்கே பின்னால் போக? மேலே வந்ததும் அந்த மனிதர் படகில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மீன் மலேசியாவில் 1999 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம். 2016-இல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலுக்கும் போய்விட்டது. நிங்கலூ என்று ஆஸ்திரேலியாவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே இதன் பக்கத்தில் நீந்துகிறவர்கள் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

சரி, பக்கத்து வீட்டுத் தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பிலிப்பீன்ஸ், செபு தீவில் ஓஸ்லோப் போகிறார்களாம். அங்கே போனால் திமிங்கலச் சுறாவைக் கட்டாயம் பார்க்கலாம், ஏனென்றால் தினமும் காலையில் படகிலிருந்து இறால் போட்டு வரவழைக்கிறார்கள். வேண்டாம் என்றேன். அவளுக்கு வருத்தம். "நீங்க மட்டும் பாக்கலாமாக்கா?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தப் பதிவே. பத்துமலைப் படியில் குரங்கு நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது குரங்கின் குணமில்லை, நாம் ஊட்டிப் பழக்கியது. ஓஸ்லோப்பிலும் படகைக் கண்டால் சோறு என்று அந்தச் சுறாக்கள் கற்றுக்கொண்டுவிட்டன. அங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றின் உடம்பில் படகு பட்ட தழும்புகள் இருப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நீளமாகப் பயணம் போகிற உயிர், ஒரு கரையிலேயே தங்கிவிடுகிறது.

இறால் போடுகிற ஓஸ்லோப் மீனவர்களை நான் திட்டமாட்டேன். கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. வயிற்றுப்பாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே நாட்டில் டோன்சோல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் மீனவர்கள்தான். 1998-இலிருந்து இரை போடாமலே ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். ஒரு சுறாவுக்கு ஒரு படகுதான், தொடக்கூடாது, ஸ்கூபாவும் கிடையாது. முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போதும், அதனால் என்னை மாதிரி டைவிங் படித்திருக்க வேண்டியதில்லை. சில நாள் ஒன்றும் வராது. வராவிட்டால் வரவில்லை, திரும்ப வேண்டியதுதான். நானும் தெங்கோலுக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பியவள்தான்.

தங்கச்சி, டோன்சோலுக்குப் போ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடு. நான் முதன்முதலில் நீந்தியது முப்பது வயதில். தோட்டத்தில் எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அல்லூர், அதாவது வாய்க்கால் பக்கம் போனாலே அடி விழும்.

படத்தில் இடப்பக்கம் செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நமக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு சுறாவுக்கும் அது வேறு. வானத்து நட்சத்திரங்களை ஒப்பிட உண்டாக்கிய கணக்கு முறையை மாற்றியமைத்து, அதை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். என் படத்தை ஷார்க்புக் தளத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இதே சுறாவை வேறு கடலில் யாராவது பார்த்திருந்தால் தெரிந்துவிடும். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.