புல் ரிக்வெஸ்ட்டை மூட வேண்டாம், அதே பிராஞ்சுக்கே புஷ் பண்ணுங்கள்

"ரிவியூவில் திருத்தம் கேட்டால் புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது பிழை. (புல் ரிக்வெஸ்ட் என்பது நீங்கள் மாற்றிய நிரலை மூலத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் வேண்டுகோள்; அதைப் பார்த்துத் திருத்தம் சொல்பவர் ரிவியூவர்.) கொழும்பு கம்பஸ் பிள்ளைகள் நிறையப் பேர் இதை வாசிக்கிறீர்கள், ஆகவே சொல்லத்தான் வேண்டும். மூடினால் ரிவியூவர் வரிவரியாக எழுதிய குறிப்புகள் பழைய ரிக்வெஸ்ட்டிலேயே தங்கிவிடும். அவர் முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். அதே பிராஞ்சில் (உங்கள் மாற்றங்கள் உள்ள கிளையில்) திருத்தத்தைக் கொமிட் செய்து, அதாவது பதிவு செய்து, புஷ் பண்ணுங்கள் (இணையத்திலுள்ள பிரதிக்கு அனுப்புங்கள்), ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பிக்கப்படும். இடையில் மூலத் திட்டத்தின் மெயின் பிராஞ்ச் மாறி மோதல் வந்தால், அப்ஸ்ட்ரீமை, அதாவது அந்த மூலத் திட்டத்தை, ஃபெட்ச் செய்து (புது மாற்றங்களை இறக்கி) ரீபேஸ் பண்ணி (உங்கள் கொமிட்டுகளை அவற்றின் மேல் மீண்டும் அடுக்கி), 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' (--force-with-lease) போட்டுப் புஷ் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் அதே பிராஞ்சில் எதையாவது சேர்த்திருந்தால் அது புஷ்ஷைத் தடுத்துவிடும். வெறும் 'ஃபோர்ஸ்' போட்டால், அதே பிராஞ்சில் வேறொருவர் சேர்த்த கொமிட்டும் அடிபட்டுப் போகலாம். சில திட்டங்களில் ரீபேஸ் விரும்பமாட்டார்கள், பங்களிப்பு விதிகள் உள்ள கொன்ட்ரிபியூட்டிங் கோப்பை வாசித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த திருத்தத்துக்குப் புதுப் பிராஞ்ச் எடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ரிக்வெஸ்ட்டில் கலந்துவிடும்.