அட்டவணையை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள்

பசிபிக் கடலின் துவாமோட்டு பவளத்தீவுகள், நடுவில் கடல்நீரைச் சூழ்ந்த வளையத் திட்டுகள். அவற்றுக்குள் பாய்மரப் படகை நுழைக்க கடல் ஏற்ற இறக்க அட்டவணை போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போதாது. தெற்கிலிருந்து பெரிய அலை அடித்தால் தண்ணீர் பவளத்திட்டைத் தாண்டி உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். அது வெளியேற இருப்பதோ திட்டில் உள்ள ஒன்றிரண்டு வாய்கள், அதாவது இடைவெளிகள்தான். அட்டவணைப்படி நீரோட்டம் உள்ளே திரும்ப வேண்டிய நேரத்திலும் வெளியேதான் இழுக்கும். அங்குள்ள ராங்கிரோவா தீவின் திபுட்டா வாயில் அந்த ஓட்டத்துக்கு எதிராகக் காற்றும் சேர்ந்தால் நின்ற இடத்திலேயே அலை எழும்பும், சின்னப் படகுக்கு வேண்டாத வேலை.

உள்ளே நங்கூரம் மணலில் விழுந்தாலும், காற்று திரும்பினால் சங்கிலி பவளப்பாறையில் சுற்றிக்கொள்ளும். நங்கூரத்திலிருந்து சங்கிலியின் முதல் 10, 15 மீட்டரை அப்படியே விட்டு, பிறகு 5 மீட்டருக்கு ஒரு மிதவை கட்டித் தூக்குங்கள். மிதவைக்கு அலைய வேண்டாம், முத்துப் பண்ணைகளில் அறுந்த மிதவைகள் கரையிலேயே ஒதுங்கிக் கிடக்கும்.