வளையாத பட்டி

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொன்னவர் பலகை விளிம்பில் ஒட்டும் இந்த பிளாஸ்டிக் பட்டியை, அதாவது பிவிசி எட்ஜ் பேண்டை, வளைத்துப் பார்த்ததில்லை.

டிவி அலமாரியின் மூலை வட்டமாக இருக்கட்டும், குழந்தைகளுக்கு இடிக்காது என்று சொன்ன புத்திசாலி நான்தான். நேர் விளிம்பில் பட்டி சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. வளைவு வந்ததும் வீம்பு. அப்படியே வளைத்தால் மடங்கும் இடத்தில் வெள்ளைக் கோடு, தேக்கு நிறத்தின் மேல் விபூதி பூசினாற்போல. சரி, சூடு காட்டலாம் என்று ஹேர் டிரையரைப் பிடித்தேன். பிவிசி இளக சுமார் 80 டிகிரி வேண்டும். என் டிரையருக்கு ஈரத் தலையைக் காய வைப்பதே பெரிய பாடு. அப்புறம் அதைவிடச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை இரவல் வாங்கினேன். ஒரு நொடி கூடினால் அப்பளம் மாதிரிக் கொப்புளிக்கிறது, குறைந்தால் மரக்கட்டை. பதம் பார்த்து இறக்க நான் என்ன அல்வாவா கிண்டுகிறேன்?

ஒருவழியாக வளைத்து, பசை தடவி, மாஸ்கிங் டேப் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன். காலையில் டேப்பைப் பிரித்த மறு நொடி, ‘டப்’. பட்டி நிமிர்ந்து என் மூக்கைத் தட்டியது. கடையில் ரோலாகச் சுருண்டுதானே கிடந்தாய்? அங்கே மட்டும் எப்படி வளைந்தாய்?

ஆசாரியைக் கூப்பிட்டால், “வட்டம் வேணாம்னு அப்பவே சொன்னேனே சார்” என்கிறார்.

சொல்லவே இல்லை.