தர்ம அடிக்குத் தர்மம் என்று பெயர் வைத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட நாலு வரிப் பதிவுக்கு இவ்வளவு திட்டு விழும் என்று நினைக்கவில்லை. எங்கள் தெருமுனையில் செல்போன் திருடினான் என்று ஒரு பையனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்த வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. இரண்டு தடவை பார்த்ததாகச் சிலர் கமெண்டிலேயே பெருமையாகச் சொன்னீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். செல்போன் திரும்பக் கிடைத்துவிட்டது, பையனால் ஓடவும் முடியாது. அப்புறமும் இருபது நிமிடம் எதற்கு அடித்தீர்கள்?

வந்த பதில்களில் பாதி, "உன் வீட்டுல திருடினா தெரியும்." மீதி, "கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுல சோறு போடுங்க சார்." போடலாம். எங்கள் வீட்டுச் சோறு ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. எதற்கு அடித்தீர்கள்?

அவன் திருந்தவேண்டும் என்றுதானாம். மற்றவனுக்குப் பயம் வரவேண்டும் என்றுதானாம். சரி, வீடியோவை மூன்றாவது தடவையும் பாருங்கள். இந்த முறை பையனை விட்டுவிட்டு அடிப்பவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒருவனைத் திருத்துகிற வேலையில் இருப்பவருக்கு அப்படி ஒரு சிரிப்பு எங்கிருந்து வருகிறது? கை முதலில் போனது. காரணம் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

நான் என்னவோ உத்தமன் என்று இதைச் சொல்லவில்லை. 1996-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். கீரனூர் வருவதற்குள் யாரோ "பிக்பாக்கெட்" என்று கத்த, ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். என் பர்ஸ் என் பையில் பத்திரமாக இருந்தது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் பின்னால் நின்ற நான், நாலு பேரை விலக்கிக்கொண்டு போய், பிடரியில் ஒன்று வைத்தேன். அன்று காலைதான் வேலை கேட்டுப் போன இடத்தில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருந்தார்கள். அந்த ஆளை அடிக்க முடியுமா? இவனை முடிந்தது. ராத்திரி அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்தது. அவன்தான் எடுத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ருசியைத்தான் சொல்கிறேன். 2004-ல் சூரிச் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பண விளையாட்டில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஏமாற்றியவனைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்து, அந்த நேரத்தில் மூளையைப் படம் எடுத்தார்கள். பரிசு கிடைக்கும்போது வேலை செய்கிற பகுதி விழித்துக்கொண்டதாம். இதற்கு அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு? என் அம்மாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

உடனே ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்துவிட்டார். அந்த ஆய்வில் இருந்த அதே எர்ன்ஸ்ட் ஃபேர் 2002-ல் வேறொன்று காட்டினாரே என்றார். பல பேர் சேர்ந்து ஆடிய இன்னொரு பண விளையாட்டில், தண்டனை இல்லாதபோது பொதுக் காரியத்துக்குப் பணம் போடுவது சுற்றுக்குச் சுற்றுக் குறைந்தது, தண்டிக்க வழி வைத்ததும் ஏறியது. உண்மைதான். தண்டனையே வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். அந்த விளையாட்டில் தண்டிப்பவர் தன் கைக்காசைக் கட்டித் தண்டித்தார். இங்கே இருபது பேர், கட்டிப்போட்ட ஒரு பொடியன். உங்களுக்கு என்ன செலவு, கை வலியா?

"அடிச்சாதான் மனசு ஆறும்" என்று ஒரு அக்கா. ஆறாது அக்கா. 2008-ல் அமெரிக்காவில் கெவின் கார்ல்ஸ்மித்தும் அவருடன் இருந்தவர்களும் செய்த சோதனையில், ஏமாற்றியவனைத் தண்டித்தவர்கள்தான், தண்டிக்க வழி இல்லாதவர்களைவிட, அதையே நினைத்து நினைத்து அதிகம் மருகினார்கள்.

"கையும் களவுமா பிடிச்சோமே" என்கிறீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரிலும் அப்படித்தான் நினைத்தார்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் காரை நிறுத்திப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா. வாட்ஸப்பில் ஓடிய வதந்தியை நம்பி, பிள்ளை பிடிக்க வந்தவள் என்று அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் யாரும் தங்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுவும் தர்ம அடிதான்.

ஊரார் திட்டியது பரவாயில்லை. சொந்தக்காரன் ஒருவன், "மாமா எப்பவுமே திருடன் கட்சிதான்" என்று எழுதி நாலு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். அதில் நான் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். அசிங்கம்தான், ஆனால் எண்ணினேன்.

தம்பி, நீ பத்தாவது படிக்கும்போது ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் கை வைத்து மாட்டினாயே. கடைக்காரர் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தியது யார்? காசைக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் உன்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தது யார்? அன்றைக்கும் நான் திருடன் கட்சிதானடா.

இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். பெயர் போடவில்லை, ஆனாலும் யார் என்று தெரிகிறவர்களுக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அந்தப் பஸ் ராத்திரிச் சாப்பாடு மாதிரியே இருந்தது. அழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இருக்கட்டும்.