குனிஞ்சே பறிச்சுக்கலாம் மாப்ள

கஜா புயல் அடித்த மூன்றாம் நாள் பேராவூரணிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்த புயல். வழியெல்லாம் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததால் வண்டியைப் பாதியில் போட்டுவிட்டு நடந்தேன். மாமா தோப்பில் நூற்றுக்கு மேல் தென்னை. அன்றைக்கு நின்றுகொண்டிருந்தவை ஏழோ எட்டோ. மற்றதெல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. என்ன சொல்லி விசாரிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். மாமா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா மாப்ள. முப்பது வருசமா மரம் ஏற ஆள் கெடைக்கலன்னு அலைஞ்சேன். இனிமே குனிஞ்சே பறிச்சுக்கலாம்" என்றார்.

சிரித்துவிட்டேன். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த குலையிலிருந்து ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார். அதைக் குடிக்க முடியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படிப் பேசுகிற யாரும் மாமா சொன்னது என்ன வகைச் சிரிப்பு என்று சொல்லித் தந்ததில்லை. தொல்காப்பியர் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்கிறார்; அது எட்டு என்று சொல்லி, அழுகைக்கும் அச்சத்துக்கும் முன்னால் நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறார். அது எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் கணக்குச் சொல்கிறார்: "எள்ளல் இளமை பேதைமை மடன்". கேலியால் வரும், சின்னப் பிள்ளைத்தனத்தால் வரும், அறியாமையால் வரும், சொன்னதையெல்லாம் நம்புகிற வெள்ளந்தித்தனத்தால் வரும். மாமாவை இதில் எங்கே உட்கார வைப்பது? தொல்காப்பியத்துக்கு உரையெழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரைகாரர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. மாமாவை எள்ளியது காற்று. அதற்கு அவர் சிரித்தார். சரி, இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த இரண்டாவது வகை எனக்குத் தொந்தரவு கொடுக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் பக்கம் இதற்கு எத்தனை சொற்கள்! நக்கல், நையாண்டி, கிண்டல், குசும்பு, குத்தல், ஏசல், எகத்தாளம். எல்லாம் ஒன்றுதானே என்று அகராதிக்காரர்கள் சொல்லலாம். இல்லை. எகத்தாளம் மேலே இருப்பவன் கீழே பார்த்துப் பேசுவது. குசும்பு கீழே இருப்பவன் மேலே பார்த்து, மாட்டிக்கொள்ளாமல் பேசுவது. குத்தல், பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கும் எழுதாத சட்டம் உண்டு. பங்காளியிடம் வாயைக் கொடுத்தால் வம்பில் முடியும். மாமன் மச்சானிடம் கேலி பேசாமல் வந்தால், "என்ன கோவம்?" என்று வீடு தேடி வந்து கேட்பார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தியை ஏசிப் பாடுவதற்கென்றே பாட்டு இருந்தது. இப்போது அந்த நேரத்தில் டிஜே ஓடுகிறது. ஏச வேண்டியதை எல்லோரும் மனதிலேயே வைத்துக்கொண்டு போய், ஆறு மாதம் கழித்துச் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது குசும்புதான். இந்த மண்ணில் அது தானாக முளைத்தது என்று சொல்லமாட்டேன். வாயைத் திறந்து நேராகக் கேட்க முடியாத இடத்தில் முளைத்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு முந்தைய காலத்துக் கதை ஒன்று தாத்தா சொல்வார். நெல்லை வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி அளப்பதற்கு ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணை. இரண்டுக்கும் அளவு வேறு. கேட்க முடியுமா? ஒரு கிழவர் களத்தில் கைகட்டி நின்றபடி சொன்னாராம்: "ஐயா வூட்டு மரக்காலுக்கு உசுரு இருக்குங்க. நெல்லு உள்ள வரும்போது வளருது, வெளிய போறப்ப சுருங்குது." ஐயாவுக்கு இது புகழ்ச்சியா, திட்டா என்று தெரியவில்லையாம். திட்டு என்று எடுத்துக்கொண்டால் அளவு தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். கடைசியில் அவரும் சிரித்து வைத்தாராம். கூலி கூடியதா என்று கேட்டால் தாத்தா வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவார்.

இதற்கும் தொல்காப்பியத்தில் பெயர் உண்டு. வசையாகப் பேசுவது அங்கதம். அது இரண்டு: முகத்துக்கு நேரே சொல்வது செம்பொருள், மறைத்துச் சொல்வது பழிகரப்பு. கிழவர் பேசியது அசல் பழிகரப்பு. காளமேகப் புலவர் பசியோடு நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் காத்துக் கிடந்து பாடியதாகச் சொல்லும் வெண்பாவும் அந்த வம்சம்தான்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்

பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், உலை வைப்பதற்குள் ஊர் தூங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்திருக்கும். ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்த எவருக்கும் உரை தேவையில்லை. சத்திரத்துக் காத்தான் மனம் நொந்ததும் புலவர் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார் என்பது செவிவழிக் கதை: உலகத்தில் அரிசி அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையேற்றினால் ஊர்ப் பசி அடங்கும், சோற்றின் வெண்மையைப் பார்த்து வானத்து வெள்ளி நாணி எழுந்து போகும். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் திட்டை வாழ்த்தாக்கிவிட்டார். சாப்பாடு போட்டவனை அழவிடாமல் கிளம்பிப்போன அந்த நாகரிகத்துக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

சுந்தரர் அந்த நாகரிகமெல்லாம் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் போய், காஞ்சியில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்து, திருவாரூர் வந்து நிற்கிறார். சிவனிடம் கண்ணைக் கொடு என்று கெஞ்சவில்லை. உன் அடியார்கள் கண் தெரியாமல் "குன்றின் முட்டிக் குழியில் விழுந்தால் வாழ்ந்து போதீரே" என்கிறார். நாங்கள் எக்கேடு கெட்டால் என்ன, நீங்க நல்லா இருங்க சாமி! எங்கள் ஊர்க் கிழவிகள் கோபித்துக்கொண்டு திண்ணையை விட்டு எழும்போது சொல்கிற அதே வார்த்தை, அதே இழுவை. பதிகம் முடிந்ததும் இன்னொரு கண்ணும் வந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் கதை.

எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. தண்ணீர் கடைமடைக்கு ஒழுங்காக வராமல் பாதிப் பயிர் கருகிய ஒரு வருடம், கொள்முதல் நிலையத்தில் பார்த்தது. மீட்டரை நெல்லில் சொருகிப் பார்த்துவிட்டு, "பதினேழுக்கு மேல இருக்கு, ஈரம் ஜாஸ்தி பெரியவரே, எடுக்க முடியாது" என்றார்கள். பெரியவர் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். "அதான் சார் எனக்கும் புரியல. ஆத்துலயே தண்ணி வரல, நெல்லுல எப்புடி வந்துச்சு?" மூட்டை தூக்குகிறவர்கள் உருண்டு சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தார். மூட்டை அன்றைக்கு எடை ஏறவில்லை, மறுநாள்தான் ஏறியது. நகைச்சுவையின் வெற்றி என்று எழுத ஆசைதான், ஆனால் மறுநாள் நல்ல வெயில்.

இதுவரை சொன்னதெல்லாம் கீழே இருந்து மேலே போனவை. அதனால் சொல்வதும் சுலபம். மேலே இருந்து கீழே போனதையும் சொல்ல வேண்டும், அதில் நானே இருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். பேச்சு திக்கும். 'ப'வில் ஆரம்பிக்கும் சொல் என்றால் கதவு திறக்கவே திறக்காது. ஆசிரியர் வராத நேரத்தில் அவனை எழுப்பி நிறுத்தி, "பட்டுக்கோட்டை சொல்லுடா" என்போம். அவன் முட்டுவான், வகுப்பே சிரிக்கும். கடைசியில் அவனும் சிரிப்பான். அந்த முட்டலை வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தது நான்தான். நல்ல பெயர் என்று மற்ற பையன்கள் முதுகில் தட்டினார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். 'அவனே சிரிக்கிறான், உனக்கென்ன?' என்பது அப்போது எங்களுக்குப் போதுமான நியாயமாக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ மீம்ஸ் ஆக்கிப் போட்டுவிட்டு இன்றைக்கும் அதே நியாயத்தைத்தான் பேசுகிறோம்.

மாமாவும் சிரித்தார், அவனும் சிரித்தான். பேராசிரியர் கணக்கில் இரண்டும் ஒரே வகை. மாமா தன் நஷ்டத்துக்கு முதல் வார்த்தையைத் தானே சொன்னார். இவனுக்கு அந்த வார்த்தையை நாங்கள் விட்டு வைக்கவில்லை.

போன தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் மூன்று இலை தள்ளி அவன் உட்கார்ந்திருந்தான். நரை விழுந்திருந்தது, கையில் பேத்தியை வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். பேத்திக்கு அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எதிர் வரிசையிலிருந்து எங்கள் வகுப்புக்காரன் ஒருவன், நான் வைத்த அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினான். உடனே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.